பவுனுக்கு இரண்டரை ஷில்லிங்

உறைபனியில் உதிர்ந்த மூன்று கால்விரல்கள், ஒரு தம்பியின் உயிர், ஆறு வருட இளமை. எல்லாம் சேர்த்துப் பத்துப் பவுன். ஆசா பெல்நாப்புக்கு அந்த விலையைச் சொன்னவர் ஜேபஸ் ஸ்டோ. ஊரில் கடைக்காரர், தேவாலயத்தில் மூப்பர் மாதிரியான டீக்கன், தராசில் விரல் வைக்காதவர் என்று பெயரெடுத்தவர்.

இங்கிலாந்து அரசரை எதிர்த்துச் சண்டை போட்டவர்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் சம்பளமாகக் கொடுத்தது காசல்ல, ‘பின்னால் தருகிறோம்’ என்று எழுதிய காகிதம். ஆசாவிடம் எண்பது பவுனுக்கு இருந்தது, பவுனுக்கு இருபது ஷில்லிங் கணக்கில். போர் முடிந்து நாலு வருடமாகியும் தருவாரில்லை. பதின்மூன்று மாநிலங்களும் சொத்துப் பிரியாத பங்காளிகளைப் போல ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. அக்டோபரில் வரி வசூலிப்பவன் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனபோது, ஆசா காகிதத்தோடு கடைக்கு வந்தான்.

“இதை வச்சு அடுப்புதான் பத்தவைக்கலாம், ஆசா. பவுனுக்கு ரெண்டரை ஷில்லிங் தர்றேன். அதுவும் உனக்காகத்தான்.”

அப்போது ஸ்டோவின் கோட்டுப் பையில் பாஸ்டனிலிருந்து மச்சான் எழுதிய கடிதம் கிடந்தது. புதிய அரசியல் சாசனம் வருகிறது, அது நிறைவேறினால் பழைய கடனெல்லாம் அடைபடும், காகிதத்தை வாரிப்போடு, வாயைத் திறக்காதே.

டிசம்பரில் தேவாலயத்தில் ஊர்க்கூட்டம். சாசனத்தை ஏற்பதா தள்ளுவதா என்று வாக்களிக்க பாஸ்டனுக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். ஸ்டோ எழுந்தார்.

“நமக்காக ரத்தம் சிந்துனவனுக்குக் கூலி குடுக்கத் துப்பில்லாதது ஒரு அரசாங்கமா?”

குரல் தழுதழுத்தது. சரக்கைக் கையில் வைத்திருக்கும் வியாபாரிக்குத் தழுதழுப்பது பெரிய காரியமில்லை.

பின்வரிசையில் ஆசா தடியை ஊன்றி எழுந்தான். ஸ்டோ அவசரமாக உட்கார்ந்தார்.

“என் காகிதத்த ஒருத்தனும் சீண்டல. டீக்கன் ஐயாதான் வாங்குனாரு. இந்த நாடு பொழச்சுக்கும்னு அவருக்கு நம்பிக்கை இருந்துச்சு. சண்டை போட்ட எனக்கு இல்ல, ஒரு மாட்டுக்காக வித்துட்டேன். வெக்கமா இருக்கு. அவரையே அனுப்புங்க.”

“மூணு விரல் கம்மின்னாலும் பேச்சு முழுசாத்தான்யா இருக்கு!” என்று ஒருவன் கத்தினான். சிரிப்போடு சிரிப்பாகக் கைகள் உயர்ந்தன. ஸ்டோ மட்டும் தரையைப் பார்த்தார். தாம் படவேண்டிய வெட்கத்தை வேறொருவன் பட்டுவிட்டுப் போகிறான்.

மறுநாள் காலை முப்பது பவுனை முடிந்துகொண்டு பெல்நாப் வீட்டுக்குப் போனார். ஆசா விறகு வெட்டப் போயிருந்தான். மனைவி ஹல்டா மீட்டு வந்த பசுவில் பால் கறந்துகொண்டிருந்தாள்.

“இது எதுக்கு?”

“கொஞ்சம் கூடப் போட்டுக் குடுக்கலாம்னு...”

“கடைக்காரரு சும்மா கூடப் போடுவாரா?”

கடிதத்தைப் பற்றி அவரே உளறிவிட்டார். ஹல்டா கறப்பதை நிறுத்தவில்லை.

“ரம்முல தண்ணி கலந்தான்னு டர்னரை தேவாலயத்து நடுவழியில நிக்கவச்சு, ஊர் முன்னால ஒத்துக்க வச்சது யாரு?”

“நான்தான், ஹல்டா.”

“அதே எடத்துல போய் நில்லுங்க. எம்புருஷன் அங்கதான வெக்கப்பட்டாரு? அதை மொதல்ல திருப்பி வாங்கிக்கங்க. நான் அவர்கிட்டகூடச் சொல்லமாட்டேன். உங்க வாயால வரட்டும். காசு அப்புறம்.”

“பாஸ்டன் போயிட்டு வந்து சொல்லிடறேம்மா.”

“அப்புறம் எங்க சொல்லப் போறீங்க? முடிச்ச எடுத்துட்டுப் போங்க.”

சொன்னால் ஊர் அவரை அனுப்பாது. சாசனத்தை எதிர்ப்பவன் யாராவது போவான். நாட்டுக்காக வாயை மூடுவதாகத்தான் ஸ்டோ தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். நாட்டின் நன்மையும் நம் நன்மையும் ஒரே வண்டியில் ஏறிவிட்டால், எது எதை இழுக்கிறது என்று குதிரைக்கே தெரியாது.

பாஸ்டன் போனார், ஆதரித்து வாக்களித்தார். சாசனம் வென்றது, அரசாங்கம் வந்தது, காகிதத்தின் விலை ஏறியது. ஆசா தெருவில் அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவான். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டோ அந்த நடுவழியாகவே நடந்து டீக்கன் இருக்கையில் போய் உட்கார்வார். கால் ஒருநாளும் நிற்கவில்லை.

மூன்றாம் வருடம் காகிதத்தை விற்ற அன்று பேரேட்டில் எழுதினார்:

பெல்நாப் காகிதம். வாங்கியது பத்துப் பவுன். விற்றது எழுபத்தாறு.
பெல்நாப்புக்குக் கொண்டுபோனது முப்பது. திரும்பி வந்தது முப்பது.
தரவேண்டியது, நடுவழியில் நின்று ஒரு பேச்சு. தந்தது, இல்லை.