பார்க்கிங் கக்கூஸும் ஆறு படிகளும்

பவுனுக்கு எதைக் கண்டும் குமட்டாது என்று சொசைட்டி முழுக்கப் பெயர். மராத்திக்காரர்கள் ஊரில், ஔந்துப் பகுதியில், நான்கு விங் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு, நூற்று அறுபது வீடு; அத்தனை வீட்டுக் கழிவும் ஏதாவது ஒரு நாள் அவள் கைக்கு வந்தே தீரும். குழாய்கள் இறங்குகிற டக்டில் செத்துக் கிடந்த பெருச்சாளியை வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டிருக்கிறாள். நாலாம் மாடி பால்கனியிலிருந்து விழுகிற டயாபரை, வீசியது யார் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி, பொறுக்கிப் பையில் கட்டியிருக்கிறாள். அடைத்த சாக்கடைச் சேம்பரைக் கம்பி விட்டுக் குடைந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடவும் அவளால் முடியும். அழுக்கு என்றால் கழுவினால் போகிற சமாசாரம், அதில் அருவருக்க என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவளுக்கு இந்த மழைக்காலத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. அதுவும், கலர் கலராய் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய ஒரு வழவழப்பான சார்ட் பேப்பரைப் பார்த்து.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது சி விங் ஸ்ரீவித்யா மேடம். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொசைட்டிப் பிள்ளைகளை க்ளப் ஹவுஸில் உட்கார வைத்து, அன்றாடப் பிரச்சினைகளைப் படிப்படியாகத் தீர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாம் பதின்மூன்று முதல் பதினாறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள். மொத்தம் ஆறு படி. பிரச்சினையை ஒரே வரியில் சொல்ல வேண்டும். அது யாருடைய பிரச்சினை என்று பார்க்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்களிடம் விசாரித்து, எண்ணிப் பார்த்து, காரணத்தைப் பிடிக்க வேண்டும். நாலைந்து வழிகளை எழுதிப் போட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும். கடைசியில், பலித்ததா என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

வராந்தாவைத் துடைத்துக்கொண்டே பவுன் இதையெல்லாம் கேட்டாள். இங்கிலீஷும் இந்தியும் கலந்து போனாலும் அவளுக்குப் புரிந்தது, பிடித்தும் இருந்தது. கட்கியில் அவள் இருக்கும் சந்தில் குழாயடிச் சண்டை ஓயாது. ஒரு நாள் அவளும் யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்து, முதல் ஷிப்ட்காரர்களின் குடத்தை முன்னால் வைக்கச் சொன்னாள். சண்டை பாதியாகக் குறைந்தது. அதனால் முறையைப் பழிக்க அவளுக்கு இன்றைக்கும் மனசு வராது.

ஜூலையில் ஒரு நாள் மேடத்தின் மகள் வைஷு நோட்டுப் புத்தகத்தோடு அவளைத் தேடி வந்தாள். பதினாலு வயது. மற்ற பிள்ளைகளெல்லாம் பவுனை, மராத்தியில் சித்தி என்கிற மாதிரி, ‘மாவ்ஷி’ என்றுதான் கூப்பிடும். வைஷு மட்டும் ‘அக்கா’ என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே பவுன் அவள் சைக்கிளைத் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைத்து வைப்பாள்.

“அக்கா, எங்க டீமுக்கு ஒரு ப்ராப்ளம் எடுத்திருக்கோம். பார்க்கிங் டாய்லெட் ரொம்ப ஸ்மெல் பண்றது. உங்ககிட்ட கொஞ்சம் கேக்கலாமா?” என்றாள், தட்டுத் தடுமாறித் தமிழில்.

பவுனுக்குத் தலைகால் புரியவில்லை. பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றைக் கக்கூஸைப் பற்றி மூன்று வருஷமாக ஆபீஸில் சொல்லி வாய் வலித்துப்போயிருந்தது. ஃப்ளஷ் உடைந்து கிடக்கிறது, குழாயில் தண்ணீர் வருவதில்லை, பல்பு இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதிகம் பேசினால் காண்ட்ராக்டர் வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவான் என்று பயந்து, ஒரு அளவோடு நிறுத்திக்கொள்வாள். இப்போது ஒரு சொசைட்டிப் பிள்ளையே வந்து, தமிழில், உட்கார்ந்து கேட்கிறது. அவள் ஒன்று விடாமல் கொட்டினாள். வாட்ச்மேன்கள், டிரைவர்கள், வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் என்று நாற்பது பேருக்கும் அது ஒன்றுதான் கதி. சமைக்கிற கையை அடுப்படி வரைக்கும் விடுகிற வீடுகள் எதுவும் தங்கள் பாத்ரூம் கதவைத் திறந்துவிடாது. யார் யார், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று வைஷு கேட்கக் கேட்கச் சொன்னாள்.

அத்தோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஷபானாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஷபானா பி விங் 604-இல் சமையல் வேலை செய்கிற பெண். ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பம், இப்போது போபோடியில் வீடு. ஐந்து மாதம். அரை மணிக்கு ஒரு தரம் ஆறு மாடி இறங்கி வர வேண்டியிருந்தது. இதையெல்லாம் போய்ச் சின்னப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்வது என்று அவள் கூச்சப்பட்டாள்.

“நம்ம பொண்ணு. தமிழ்ப் பொண்ணு. நல்லதுக்குத்தான் கேக்குது, சொல்லு,” என்றாள் பவுன். ஷபானா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். வைஷு எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு க்ளப் ஹவுஸில் விழா மாதிரி நடந்தது. அப்பா அம்மாக்கள், கமிட்டிக்காரர்கள், செக்ரெட்டரி, தட்டுத் தட்டாய் பட்டாட்டா வடை. டீ கப்புகளைப் பொறுக்கப் பவுன் பின்னால் நின்றாள். வைஷுவும் கூட இரண்டு பையன்களும் சார்ட்டைச் சுவரில் ஒட்டி, படி படியாக விளக்கினார்கள். பிரச்சினை: நாற்றம். யாருடைய பிரச்சினை: பாட்மின்டன் ஆடுகிறவர்கள், ஏ விங் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள். பவுனுக்கு அங்கேயே சுருக்கென்றது. சரி, குழந்தைகள், மேலே வரும் என்று காத்திருந்தாள்.

மேலே வந்தது. காரணம்: அளவுக்கு மீறி வெளியாட்கள் உபயோகிக்கிறார்கள். யார் எத்தனை தடவை என்று கட்டை கட்டையாக வரைந்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட உயர்ந்த கட்டையின் உச்சியில் வயிறு தள்ளிய ஒரு பொம்மை. கீழே 604. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத பவுனுக்கும் அது புரிந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை, குழந்தையின் படத்தைப் பார்த்துச் சிரிக்கிற செல்லச் சிரிப்பு.

வழிகள் நாலு. ரிப்பேர் செய்யலாம், நாள் பிடிக்கும். இரண்டு வேளை கழுவ ஆள் போடலாம், செலவு. ஆட்களைக் குறைக்கலாம், கஷ்டம். பூட்டிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருந்தார்கள்; பூட்டுக்குத்தான் முதல் மார்க். அப்புறம் அவர்கள் எங்கே போவார்கள் என்று செக்ரெட்டரி பேருக்குக் கேட்டார். வைஷு அதற்கும் பதில் வைத்திருந்தாள். மெயின் ரோட்டில் பொதுக் கழிப்பறை இருக்கிறது, போனில் பார்த்தோம், பதினோரு நிமிஷ நடை. தவிர, அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே போய்விட்டு வரலாம்.

கைதட்டல் காதைப் பிளந்தது. எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று ஸ்ரீவித்யா மேடம் பூரித்துப்போய், மகள் டீமுக்கு முதல் பரிசு கொடுத்தார். பவுனுக்கு அப்போதுதான் குமட்டியது. அவள் வாயால் சொன்ன நேரம், அவள் சொன்ன பெயர், அவள் சொன்ன கணக்கு, எல்லாம் அழகான கையெழுத்தில் சுவரில் இருந்தது. கப்புத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய், மழையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பெருச்சாளி தேவலை என்று நினைத்தாள். அதுவாவது செத்த பிறகுதான் நாறியது.

மறுநாள் காலை பூட்டுத் தொங்கியது.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சி விங் வராந்தாவைத் துடைக்கும்போது மேடம் வீட்டு மணியை அடித்தாள். மேடம் முகம் சுளிக்காமல், அன்பாகவே கேட்டார். பவுன் சொன்னாள்: பொம்பளைங்க தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டாங்க, ஷபானா மாதிரிப் பொண்ணு மழையில ரோடு வரைக்கும் எத்தனை வாட்டி போவும், ஒரு தாழ்ப்பாளும் ஒரு குழாயும் போட்டா நானே தினம் ரெண்டு வேளை கழுவிக்கிறேன்.

“எனக்குப் புரியறது பவுன். ஆனா நான் சொல்லிக்குடுத்தது யோசிக்கிற முறை. முடிவு குழந்தைகளோடது. இப்ப நான் உள்ள பூந்து மாத்தினா அவாளுக்குக் கான்ஃபிடென்ஸ் போயிடும்,” என்றார் மேடம். “ரெண்டு வாரத்துல ரெவ்யூ இருக்கு. அப்ப நீ தாராளமா சொல்லலாம்.” அதற்கு மேல், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். பவுன் வேண்டாம் என்று இறங்கி வந்தாள்.

இந்த வீடுகளின் சுத்தம் என்னவென்று அவளுக்கு அன்றைக்கு நன்றாக விளங்கியது. தங்கள் மூக்கு வரைக்கும் வராமல் இருந்தால் போதும், அதற்குப் பெயர் சுத்தம். யார் அடக்கிக்கொள்கிறார்கள், யாருக்கு அடிவயிறு வலிக்கிறது என்பதெல்லாம் எந்தப் படியிலும் இல்லை. அவளும்தான் காலை பதினோரு மணிக்கு மேல் டீயைத் தொடுவதில்லை. நாக்கு காய்ந்து, சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் தலை சுற்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் பி விங் படிக்கட்டைப் பெருக்கப் போனவள், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஷபானாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் வரவில்லை, படியில் இறங்கியிருக்கிறாள், முடியவில்லை. சல்வார் நனைந்து, கீழே இரண்டு படி வரைக்கும் வழிந்திருந்தது. பவுன் பம்ப் ரூமில் தான் வைத்திருந்த மாற்றுப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஃபினாயில் ஊற்றிப் படியைத் துடைத்தாள். அதைத் துடைப்பதில் அவளுக்கு ஒரு அருவருப்பும் இல்லை. இந்தக் கட்டடத்தில் அன்றைக்கு அவள் தொட்டதிலேயே அசிங்கமில்லாத ஒன்று அதுதான் என்று தோன்றியது.

“யார்கிட்டயும் சொல்லாதக்கா,” என்றாள் ஷபானா. “604-ல தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க. வயித்தத் தூக்கிக்கினு வேற எங்க போய் வேல கேக்கறது?”

ஆனால் அதற்குள் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் படியில் ஏறிப் போயிருந்தார்கள். சாயங்காலமே சொசைட்டி வாட்ஸாப் குரூப்பில் புகார் வந்துவிட்டதாக வாட்ச்மேன் சவரிமுத்து சொன்னான்.

ரெவ்யூ நாள் வந்தது. வைஷு, ஃபாரம் ஒட்டிய அட்டையோடு, பாட்மின்டன் கோர்ட்டைக் கூட்டிக்கொண்டிருந்த பவுனிடம் வந்தாள். சிரித்த முகம். குறை சொல்ல முடியாத, நல்ல பிள்ளை முகம். நாற்றம் போயிற்றா என்று கேட்டாள். போயிற்று என்றாள் பவுன். அதுதான் உண்மை. பெண் சந்தோஷமாக ஒரு டிக் போட்டது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற இடத்தில், ஜனங்க ரொம்பக் கஷ்டப்படறாங்க பாப்பா, பூட்டைத் திறக்கச் சொல்லு என்றாள். வைஷு பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, அது அவங்க ப்ராப்ளம் அக்கா, எங்க ப்ராப்ளம் ஸ்மெல்தானே, அது சால்வ் ஆயிடுத்து என்று, வருத்தத்தோடுதான் சொன்னாள்.

சொல்லிவிட்டு நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

“அக்கா, நெக்ஸ்ட் ப்ராப்ளமும் எங்க டீமுக்கே குடுத்திருக்கா. பி விங் ஸ்டேர்ஸ். யாரோ அங்க அசிங்கம் பண்றாளாம். நீங்கதானே க்ளீன் பண்ணேள்? யாருன்னு சொல்லுங்கோ. எத்தனை மணிக்கு, எத்தனை தடவை?”

பக்கத்தில் கோடு போட்டுக் கட்டங்கள் தயாராக இருந்தன. பேனா முதல் கட்டத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. பவுன் அந்தப் பேனாவைப் பார்த்தாள். சேம்பரில் கை விட்டபோதெல்லாம் வராத கூச்சம் உடம்பு முழுக்க ஊர்ந்தது. துடைப்பத்தை எடுத்து, குனிந்து, கூட்ட ஆரம்பித்தாள்.

“மாலூம் நஹீ, தீதி,” என்றாள், தெரியாது என்பதை இந்தியில், இந்த சொசைட்டியில் எல்லோரிடமும் பேசுகிற குரலில்.

வைஷுவின் முகம் வாடிவிட்டது. “அக்கா, தமிழ்ல சொல்லுங்கோளேன்,” என்றாள்.

“மாலூம் நஹீ,” என்றாள் பவுன்.