ஏலக்காரர் தொண்டைப் படம்

க்ளைவ் ஹாட்ரிக் வாயை மூடினால் அந்த ஊரில் ஒரு ஆடு விற்காது. அப்பேர்ப்பட்ட ஏலக்காரருக்குக் காலையிலிருந்து வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வருகிறது. சனிக்கிழமை கிடா ஏலம் வேறு.

"ஃபுட்பால் மேட்ச்ல கத்திட்டேன்" என்று மனைவி நொலீனிடம் கிசுகிசுத்துப் பார்த்தார். எச்சிலில் ரத்தத்தைக் கண்டதும் அவள் காரில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ஸ்கேன் எடுக்கும் செலா, அவர் கழுத்திலிருந்த ஃபுட்பால் கிளப் மஃப்ளரை உருவினாள். குறுக்கே செக்கச்செவேலென்று ஒரு கோடு.

"மேட்ச் பாத்தா கழுத்துல கோடு விழுமாய்யா?" நொலீன் இடுப்பில் கை வைத்தாள்.

அப்புறம்தான் உண்மை வந்தது. ஆடுகளை மறிக்க மேய்ச்சல் நிலத்தில் அவரே இழுத்துக் கட்டிய கம்பி. விடிகாலையில் நாலு சக்கரக் குவாட் பைக்கில் பறந்தபோது அது ஞாபகமில்லை; நேரே கழுத்தில் வந்து மாட்டியது. இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"நல்ல ஆளுய்யா நீ!" என்றாள் நொலீன்.

"இனிமே பேசக்கூடாது, அசையக்கூடாது" என்றுவிட்டுச் செலா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். ஒலிபெருக்கியில் கேட்டாள்: "ரெடியா, க்ளைவ்?"

தலையசைத்தே விலை கேட்கும் சந்தைப் பழக்கம் விடுமா? தலையை ஆட்டினார். படம் கலங்கிப் போனது.

"இங்க தலையாட்டினா கிடா கிடைக்காது, நண்பா. மறுபடியும் எடுக்கிறேன். இப்ப 'ஈ'ன்னு இழுங்க."

இழுத்தார். ஒன்றுமே வரவில்லை. குரல் போனால் அப்புறம் க்ளைவ் எதற்கு?

டாக்டர் ஃபெர்கஸ் படத்தைக் காட்டினார். "குரல்வளைக் குருத்தெலும்புல விரிசல் விட்டிருக்கு. இந்தக் கறுப்புப் பொட்டெல்லாம் வெளியே கசிஞ்ச காத்து. இதோட சனிக்கிழமை கத்தியிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்."

"குரல்?" என்று நொலீன்தான் கேட்டாள்.

"ஆறினப்புறம்தான் தெரியும்."

அன்றே விமானத்தில் நகரத்துக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். அப்புறம் வாய்ப்பூட்டு. கிடாக்களை நொலீனே ஏலம் விட்டாள். நன்றாகவே விட்டாள், அது ஒரு வயிற்றெரிச்சல்.

சில வாரம் கழித்து அதே ஸ்கேன் மேசையில் படுத்தார். "ஈ" என்றாள் செலா. பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டி மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. இழுத்தார். இன்னும் இழுத்தார்.

"போதும் க்ளைவ், படம் எடுத்தாச்சு."

செலாவின் பக்கத்தில் நின்றிருந்த நொலீன் ஒலிபெருக்கியில் அழுதுகொண்டே அதட்டினாள். "நிறுத்தச் சொல்லாத, செலா. கத்தட்டும்."