காளான் அறைக்கு ஏழு செத்தல் மிளகாய்

விதுஷாவின் காளான் பைகளில் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னபோது, நான் பதுளையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஒரு முட்டைக்கோவா மூட்டையின் மேல் பாதியும் சீட்டின் மேல் மீதியுமாக உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று வினாடிகள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க அவசியமில்லை, பஸ்ஸில் யாருக்கும் அவளைத் தெரியாது. நாலாவது வினாடியில் குனிந்து காலில் போட்டிருந்த என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"எத்தன பையிம்மா?"

"முன்னூறுல பாதிக்கு மேலயாம். அவ அம்மா லெட்சுமி சோறு கூட ஆக்கலடா. நீ படிச்ச புள்ள, நேரா அங்க போயி என்னான்னு பாரு."

படித்த பிள்ளை என்பது உண்மைதான். பதுளையில் ஒரு கல்லூரியில் வியாபார முகாமைத்துவம் இரண்டாம் வருடம். விதுஷாவும் நானும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயம், ஒரே வரிசை வீடுகள், எங்கள் காம்பராவிலிருந்து மூன்றாவது காம்பரா அவளுடையது. பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை ஒரே வகுப்பு. அதன் பிறகு நான் கல்லூரிக்கும் அவள் கட்டுநாயக்கவில் கார்மெண்ட் தொழிற்சாலைக்கும் போனோம். இந்த வேற்றுமை எனக்கு நெடுநாள் நிம்மதியைத் தந்து வந்தது.

போன வருடம் கல்லூரியில் வியாபாரத் திட்டப் போட்டி வைத்தார்கள். தோட்டத்தில் சும்மா கிடக்கும் பழைய கட்டடங்களில் சிப்பிக் காளான் வளர்ப்பது என் திட்டம். முப்பத்தெட்டு ஸ்லைடு. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறம். ஐந்தாண்டு வளர்ச்சியைக் காட்டும் கோடு ஸ்லைடின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனதால் அம்புக்குறி போட்டிருந்தேன். போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் லயத்து வாசலில் ஒத்திகை பார்த்தேன். பார்வையாளர்கள் இரண்டு பேர்: முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, லீவில் வந்திருந்த விதுஷா. அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காளான் வெத எங்கடா வாங்குறது?"

கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம் என்றேன். அதுதான் கடைசி என்றாள். அந்த முப்பத்தெட்டில் விதை எங்கும் இல்லை.

நடுவர்கள் அதைக் கேட்கவில்லை. எனக்கு இரண்டாம் பரிசு: ஒரு சான்றிதழ், பெட்டியில் வைத்த ஒரு பேனை. முதல் பரிசு கொழுந்து பறிக்கும் ட்ரோனுக்கு. அதைத் திட்டமிட்டவனிடம் ட்ரோனும் கிடையாது, அவன் வீட்டில் கொழுந்து பறித்தவர்களும் கிடையாது. அந்தப் போட்டிக்காக வாங்கியதுதான் இந்தச் சப்பாத்து. அடியில் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள் போட்டது. எங்கள் லயத்தில் இப்படி நட்சத்திரம் பதித்து நடக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

விதுஷா லீவு முடிந்து திரும்பிப் போகவில்லை. அரசாங்க விவசாயக் கந்தோருக்குப் போன் பண்ணி விதையைக் கண்டுபிடித்தாள். இரண்டு நாள் பயிற்சிக்குப் போனாள். பிறகு, புதிது ஒன்று கட்டியதால் பூட்டிக் கிடந்த பழைய புள்ளக்காம்பராவை, அதாவது கொழுந்து மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறையை, தனக்குத் தரும்படி தோட்டத்து மேலாளர் தொரைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். நான் நல்ல ஆங்கிலத்தில், மனமார எழுதிக் கொடுத்தேன். தோற்கப் போகிறவர்களிடம் நான் எப்போதுமே தாராளமாக நடந்துகொள்வேன்.

அவள் தோற்கவில்லை. பதுளை மர ஆலையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து, தவிடும் சுண்ணாம்பும் கலந்து, பைகளில் அடைத்து, ஒரு தார்ப் பீப்பாயில் ஆவியில் அவித்து எடுத்தாள். அடுப்புக்குப் பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடிகளின் மிலாறு, காய்ந்த குச்சிகள். ஒரு காலத்தில் தொட்டில் சீலை கட்டிய இரும்புக் கம்பிகளில், விதுஷாவும் நானும் கைக்குழந்தையாகத் தொங்கிய அதே கம்பிகளில், பைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டாள். சுவரில் யாரோ எப்போதோ வரைந்த வாத்தும் யானையும் அப்படியே இருந்தன. ஒரு மாதம் கழித்து வெட்டிய பைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக, காது மடல் மாதிரி, காளான் எட்டிப் பார்த்தது. முதலில் லயத்து ஆட்கள் வாங்கினார்கள். பிறகு பசறையில் ஒரு கடை. பிறகு காளான் பக்கெட் உறைக்கு ஸ்டிக்கர் வந்தது, பை அடைக்க மலையிலிருந்து இறங்கும் இரண்டு அக்காமார் வந்தார்கள், கடைசியில் சுற்றுலாக்காரர்கள் வரும் எல்ல என்ற ஊரிலிருந்து ஒரு ஹோட்டலின் சமையல் பொறுப்பாளர் வந்தார்.

என் வருத்தம் என்னவென்றால், திருடிவிட்டாள் என்று சொல்ல வழியில்லை. திருட்டென்றால் ஒளிக்க வேண்டும். இவளோ ஹோட்டல்காரரிடம் என்னைக் கைகாட்டி, "இவருதான் சார் ஐடியா குடுத்தது, எங்க லயம்தான்," என்றாள். அவர் என் கையைக் குலுக்கினார். அன்றைக்கு என்னால் இரவுச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை. சாப்பாடு காளான் கறி என்பதும் ஒரு காரணம். அம்மா வேறு, "கவலப்படாத, மூள ஒன்னோடதுதானே," என்று கறியை இன்னொரு கரண்டி போட்டார். கல்லூரிக்குப் போகும் வழியில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய பக்கெட்டுகளை எண்ணுவேன். குறைந்திருந்தால் விற்றுவிட்டது என்று எரியும். குறையாமல் இருந்தால், நாளைக்கு விற்றுவிடுமே என்று எரியும்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவள் விதை எடுக்கப் பதுளைக்குப் போயிருந்தாள். சாவியை எங்கள் வீட்டில், சாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். நல்ல மழை. நான் முதலில் பக்கத்து ஜன்னலோரம் தகரக் கூரைக்கடியில் நின்று எட்டிப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. பிறகு போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள், உள்ளே போகிறவர்கள் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். என் திட்டத்திலேயே இருக்கிறது, இருபத்தோராம் ஸ்லைடு. ஆனால் சப்பாத்து வீணாகிவிடும் என்று தாண்டிப் போனேன்.

உள்ளே முன்னூறு பைகள். எண்ணினேன். பொய்யாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். அதன் பிறகு நான் செய்ததற்கு எந்தக் காரணமும் கிடையாது: சட்டைப் பையிலிருந்த இரண்டாம் பரிசுப் பேனையை எடுத்து, ஒரு பையைக் குத்திப் பார்த்தேன். பொத்தென்று உள்ளே போனது. இன்னும் ஐந்தாறு பைகளைக் குத்தினேன். சேற்றுக் காலோடு வரிசைக்கு வரிசை நடந்து, பூட்டிவிட்டு வந்து, சாவியை ஆணியில் மாட்டினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறிப் போனபோது புள்ளக்காம்பரா வாசலில் விதுஷா நின்றிருந்தாள். பூசணம் பிடித்த பைகளை வெளியே அடுக்கியிருந்தார்கள். வெள்ளையாக இருக்க வேண்டியது முழுக்க ஒரு மாதிரிப் பச்சை. அவள் கையில் சாவி இருந்தது. அழுத முகமில்லை. கணக்குப் போட்டு முடித்த முகம்.

"வாடா தயா. நீயே சொல்லு. இது செவுத்துலருந்து வந்துச்சா, வெளிய இருந்து வந்துச்சா?"

"ஏன், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன், வித்தியாசம் இருபத்திரண்டாம் ஸ்லைடில் இருந்தும்.

"வெளிய இருந்து வந்துச்சுன்னா கழுவிட்டு மறுபடி போடலாம். ஹோட்டல்காரர்ட்ட ஒரு மாசம் தவண கேட்டா குடுப்பாரு, நல்ல மனுசன். பழைய செவுத்துக்குள்ள ஏறிருச்சுன்னா இந்த அறை இனி ஆகாது. வேற அறைக்கு எங்க போறது? நாளைக்கே ஆபீஸ்ல சாவிய குடுத்துட்டுக் கார்மெண்டுக்குப் போயிருவேன். சூப்பர்வைசர் இன்னும் மெசேஜ் போட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

"ரெண்டுக்கும் வாய்ப்பிருக்கு. ஆய்வு பண்ணித்தான் சொல்லணும்," என்றேன். கல்லூரியில் எனக்குக் கற்றுத் தந்ததில் மிகவும் உபயோகமான வாக்கியம் இது.

அவள் தாய் லெட்சுமி அத்தை அன்றைக்கு அரை நாளோடு மலையிலிருந்து இறங்கிவிட்டிருந்தார். "என்னா ஆய்வு? இது கண்ணூறு. ஹோட்டல் காரு வந்து நின்ன அன்னைக்கே சொன்னேன், வாசல்ல ஒரு பூசணிக்காயக் கட்டுடீன்னு. கேட்டாளா? ஸ்டிக்கர் ஒட்டுறேன்னு போயிட்டா."

"காளானுக்குக் கண்ணூறு படுமாம்மா?"

"மாட்டுக்குப் படுது, மரத்துக்குப் படுது. காளான் என்ன பெரிய இதுவா?"

விதுஷா சாவியை விரலில் மாட்டிச் சுற்றினாள். அவளுக்கு இதில் நம்பிக்கையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் முடிவெடுக்க முடியாத ஒரு சாயங்காலத்தில் யாராவது முடிவெடுத்துக் கொடுத்தால் போதுமென்று இருந்திருக்கும். "சரி, சுத்திப் போடு," என்றாள். "மொளகா கமறலேன்னா கண்ணூறு. அப்ப அறையில பழுதில்ல, மறுபடி பை போடுறேன். கமறி யாராச்சும் இருமுனா கண்ணூறு இல்ல, செவுருதான். சாவிய குடுத்துர்றேன். இதுக்கு மேல என்னாலயும் யோசிக்க முடியல."

செவ்வாய்க்கிழமை அந்தி, பொருத்தமான நேரம்தான். அத்தை ஏழு காய்ந்த செத்தல் மிளகாயும் கல்லுப்பும் எடுத்துவந்தார். இனிக் காலடி மண். முச்சந்தியில் ஒரு பிடி, கடைக்குப் போகும் பாதையில் ஒரு பிடி எடுத்தாயிற்று. அறைக்கு வந்து போன கால் பட்ட மண்ணும் வேண்டும் என்று வாசலைப் பார்த்தார். வாசலை மழை கழுவிவிட்டிருந்தது. தேங்காய்ச் சிரட்டையோடு பக்கத்து ஜன்னலோரம், மழை படாத தகரக் கூரைக்கடிக்குப் போனார். விதுஷாவும் போனாள். நான் சட்டைப் பையிலிருந்த பேனையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"யாருடி இது, ஜன்னல் கிட்ட வந்து நின்னது?"

நான் நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்தது. பன்னிரண்டு நாள் காய்ந்த சேற்றில் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள். விதுஷா குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். நான் மெதுவாகப் பாதையை விட்டுப் புல்லுக்குள் ஏறி நின்றுகொண்டேன்.

"தெரியலம்மா," என்றாள் அவள். "அதுலயும் ஒரு பிடி எடு."

அத்தை சுற்ற ஆரம்பித்தார். அறைக்கு மூன்று தடவை, விதுஷாவுக்கு மூன்று தடவை. "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, பக்கத்து வீட்டுக் கண்ணு," என்றபோது என் பக்கம் திரும்பி, "நீயும் வந்து நில்லுடா, ஐடியா குடுத்தவன் நீ, ஒனக்கும்தான் பட்டிருக்கும்," என்று எனக்கும் ஒரு தடவை சுற்றினார். மறுக்க முடியவில்லை. என் கண்ணூறு என்னைச் சுற்றி வந்து அவர் கைக்குள் போனது. மிளகாய், உப்பு, என் காலடி மண், எல்லாம் சேர்ந்து தார்ப் பீப்பாய் அடுப்பில் விழுந்தது.

எல்லாரும் காத்திருந்தோம். மிளகாய் வெடித்தது. நமுனுகுல மலைப் பக்கமிருந்து பனியோடு காற்று இறங்கிப் புகையை அப்படியே அள்ளி, அத்தையை விட்டு, விதுஷாவை விட்டு, பை அடைக்கும் அக்காமார் இருவரையும் விட்டு, புல்லில் நின்ற என் முகத்தில் கொண்டுவந்து ஊற்றியது. அந்தத் தோட்டத்துக் கமறல் முழுவதும் என் ஒருவனுக்கே வந்தது.

தொண்டைக்குள் ஒரு முள் எழும்பியது. ஒரே ஒரு இருமல். இருமினால் சுவரின் குற்றம், நட்சத்திரம் வெறும் நட்சத்திரம், நாளைக்குச் சாவி ஆபீசுக்குப் போகும், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பக்கெட்டுகள் இருக்காது, அம்மா வேறு கறி ஆக்குவார். ஒரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். அதுவும் இயற்கையாகவே வருகிறது, நடிக்கக்கூடத் தேவையில்லை.

"கமறுதா?" என்றார் அத்தை. அக்காமார் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"தயா, ஒனக்கு?" என்றாள் விதுஷா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புல்லுக்குள் புதைந்திருந்த என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் சாவி சுற்றுவது நின்றிருந்தது.

வாயைத் திறந்தால் போச்சு. உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தேன், இல்லை என்று. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடைக்கு வந்து, சட்டைப் பையில் குத்தியிருந்த இரண்டாம் பரிசுப் பேனையின் மேல் சொட்டியது. புகை இன்னும் வந்துகொண்டே இருந்தது. அடுப்பில் ஏழு மிளகாயில் மூன்றுதான் கருகியிருந்தது.