கன்றுக்குப் போட்ட ஊசி

எனக்குக் கோபம் வந்தால் நிதானமாகப் பேச வராது. இது முழுக்கக் கோபத்தோடு சொல்வதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பால் பண்ணையில் வேலை செய்கிறோம். நானூறு கறவை மாடு. கறக்கிற இயந்திரத்தின் குழாய்களை மடியில் மாட்டிக் கழற்றுவது என் வேலை. அவருக்குக் கன்றுக் கொட்டகை. இரண்டு மாதத்துக்கு முன்னால் கிடேரிகளுக்கு, அதாவது பெண் கன்றுகளுக்கு, தடுப்பூசி போட ஆள் வந்தார். மாட்டுக்குச் சினை கலைந்துபோகிற நோய் ஒன்று இருக்கிறது. அது வராமல் இருக்கப் போடுகிற ஊசி. கன்றைக் கழுத்தோடு அணைத்துப் பிடிப்பது என் வீட்டுக்காரர், குத்துவது ஊசிக்காரர். ஒரு மணி நேரத்தில் நூறு கன்றையும் முடிக்கச் சொல்லி மேனேஜர் வாசலில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கன்று என்ன, மணியடித்தால் வரிசையில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையா? ஒன்று துள்ளியது. ஊசி வழுக்கி என் வீட்டுக்காரரின் உள்ளங்கையில் இறங்கி, பாதி மருந்தும் உள்ளே போய்விட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். "விடுப்பா, தடுப்பூசிதானே. இனிமே மாட்டு நோய் எதுவும் உன்னை அண்டாது" என்றார் ஊசிக்காரர். அன்றையிலிருந்து பண்ணையில் இவருக்குக் 'கிடேரி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடமும் பெருமையாகச் சொன்னார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏறும். விடிவதற்குள் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்த்துக் கொட்டும். பகலில் ஒன்றுமே இருக்காது. பகலில் இல்லாததால் மேனேஜரின் கணக்கில் அது காய்ச்சலே இல்லை, வேலைக்கு டிமிக்கி. மூன்று டாக்டரைப் பார்த்தோம். ஒருவர் கொசு என்றார், ஒருவர் தண்ணீர் என்றார், மூன்றாமவர் மனக்கவலை என்றார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. முரட்டுக் கன்றை ஒற்றைக் கையால் அடக்கி நிறுத்தியவர், கக்கூஸுக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மாதான் முதன்முறையாக, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். இவர் வேலையைச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவைச் சிரிக்க வைக்கலாம் என்று ஊசிக் கதையையும் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுல இருக்கிறது உயிருள்ள கிருமிங்க. வலுவைக் குறைச்சுக் கன்னுக்குக் குடுக்கிறாங்க. கன்னு தாங்கும். மனுசன் உடம்புக்குள்ள போனா நோயே வந்துடும்."

"ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னாங்களே?" என்றேன்.

"அந்த ஊசியில ரெண்டு வகை இருக்கு. ஒரு வகை, வழக்கமான ரத்தப் பரிசோதனையில தெரியவே தெரியாது. நாங்க வழக்கமாக் குடுக்கிற ஒரு மருந்தும் அதுகிட்ட பலிக்காது. எந்த வகைன்னு எனக்கு இன்னைக்கே தெரியணும். இடுப்புல இறங்கினது முதுகெலும்புக்கும் இதயத்துக்கும் போயிடக்கூடாது. பண்ணையில கேட்டு, பேரை மட்டும் வாங்கிட்டு வாங்க."

பேரை மட்டும்! தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். இவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நான் பண்ணைக்கு ஓடினேன்.

மேனேஜர் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம பண்ணையில அப்படி ஒண்ணும் நடக்கலையேம்மா" என்றார்.

"நீங்கதானே சார் வாசல்ல நின்னு கைதட்டினீங்க?"

"விபத்துன்னா நோட்டுல எழுதியிருக்கும். எழுதலையே."

"எழுத வேண்டியது நீங்கதானே?"

"எதையாவது குடிச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டிருப்பான். பண்ணை மேல பழியைப் போடாதே."

என் வீட்டுக்காரர் சொட்டுக்கூடத் தொடாதவர். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "சரி, நடக்கவே இல்லைன்னு வச்சுக்குவோம். கன்னுக்குப் போட்ட ஊசியோட பேரையாவது சொல்லுங்க சார்" என்றேன். அது தலைமை ஆபீஸில் கேட்க வேண்டிய விஷயமாம். நாளை மறுநாள் பார்க்கலாமாம். ஒரு மனுசன் இடுப்பு ஒடிந்து கிடக்கிறான், இந்த ஆள் பேனா மூடியால் காது குடைந்துகொண்டே பூசி மெழுகுகிறார்.

அவர் குடைவதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. ஊசி போட்ட அன்றே ஒவ்வொரு கன்றுக்கும் காதுக்குள் பச்சை குத்துவார்கள். எந்த ஊசி, எந்த வருஷம் என்று எழுத்தும் எண்ணும். ஒரு கன்றைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். மனுசனுக்குத்தான் ஒரு வரி கிடையாது.

விடுவிடுவென்று கொட்டகைக்குப் போனேன். அங்கே புட்டி அக்கா இருந்தார். கன்றுகளுக்குப் புட்டியில் பால் கொடுப்பவர், அதனால் அந்தப் பேர். "ஒரு கிடேரியைப் பிடிங்க அக்கா" என்றேன். எதற்கு என்று கேட்காமல் பிடித்தார். காதை மடக்கி, அழுக்கைச் சேலை முந்தானையால் துடைத்தேன். பச்சை மையில் எழுத்து தெளிவாக இருந்தது. போனில் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். தனக்குத் தெரிந்த கால்நடை டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது.

அதற்குள் மேனேஜர் பின்னாலேயே வந்துவிட்டார். "யாரைக் கேட்டுப் படம் எடுத்தே? முதல்ல அதை அழி" என்று கத்தினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தினால் கத்தட்டும், மாடும்தான் கத்துகிறது.

போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"நான் பயந்த அதே வகைதாங்க. மருந்தை இப்பவே மாத்துறேன். நல்ல வேளை, கண்டுபிடிச்சீங்க" என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் நிறுத்தவில்லை. "அங்க வேற யாருக்காவது அந்த ஊசி பட்டுச்சா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

புட்டி அக்கா கன்றை விட்டுவிட்டார்.

"தெரியாம பட்டா மட்டும்தானா?" என்றார். "இல்ல... போட்டுக்கிட்டாலுமா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"அன்னைக்கு மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. உன் வீட்டுக்காரரை இனிமே நோய் அண்டாதுன்னு ஊசிக்காரர் சொன்னாரில்ல? என் பொண்ணு எந்நேரமும் கன்னுங்களைக் கட்டிப் பிடிச்சுட்டுத்தானே கிடக்கிறா. அவளுக்கும் ஒண்ணு போட்டு விடுங்கன்னு கெஞ்சிக் கேட்டேன். முதல்ல முடியாதுன்னார். நான் விடல." அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "பத்து நாளா சாயங்காலம் ஆனா உடம்பு சுடுது. பகல்ல ஒண்ணும் இல்ல. அதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டேன்."

"குழந்தைக்கு என்ன வயசு?" என்றது போன்.

"ஏழு."

"உடனே கூட்டிட்டு வாங்க. எதுக்கும் காத்திருக்காதீங்க."

மேனேஜர் அப்போது சொன்னதைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "பண்ணை மருந்தை யாரைக் கேட்டு எடுத்தே?" என்றார் அந்த ஆள். புட்டி அக்காவைப் பார்த்து, திருட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். வேலை போகும் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. "உங்களுக்குத் தெரியும். அது மனுசனுக்கு ஆகாதுன்னு மருந்துப் புட்டி மேலயே எழுதியிருக்கும். எங்க யாருக்கும் படிச்சுக் காட்டலை. இப்ப வண்டியை எடுங்க" என்றேன். மூணு மணிக் கறவை நின்றுவிடும் என்றார். நிற்கட்டும் என்றேன். கறவைக் கூடத்துப் பெண்கள் பத்துப் பேரும் வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கப்புறம்தான் சாவியை எடுத்தார்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினோம். பையை மாட்டிக்கொண்டு குழந்தை ஓடி வந்தது. பாதி வகுப்பில் வெளியே விட்ட சந்தோஷம், கார் சவாரி வேறு. அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, எங்கே போகிறோம் என்று கேட்டது. ஆஸ்பத்திரிக்கு என்றார் புட்டி அக்கா.

"காய்ச்சலுக்கா? எனக்குத்தான் ஊசி போட்டாச்சேம்மா. இனிமே எனக்கு ஒண்ணும் வராதில்ல?"

அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மேனேஜர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார்" என்றேன் நான். "புள்ள கேக்குதில்ல."