இரண்டு மணி ஊசி

"ஏம்மா, இயேசப்பாவுக்குப் பயப்படணும்னு டீச்சர் சொல்றாங்க. அவரு நம்மள அடிப்பாரா?"

பெர்சிஸ் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஞாயிறு பள்ளி முடிந்து வில்லாபுரம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். இரவுப் பணி முடித்து நேராகக் கோயிலுக்கு வந்திருந்த ஹெப்சிபா, தூக்கக் கலக்கத்தில், "அடிக்க மாட்டாரு. ஆனா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பாரு" என்று சொல்லிவைத்தாள். பிள்ளை அண்ணாந்து பார்த்தது. "கேமரா மாதிரியா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹெப்சிபாவும் சிரித்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

அதற்குப் பதினோரு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் முத்திருளனுக்கு அவள் ஊசி போட்டாள்.

கோரிப்பாளையத்துப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. இருபத்திரண்டு படுக்கைக்கு இரவில் அவள் ஒருத்திதான் நர்ஸ். முத்திருளன் கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயி. மண்வெட்டி பட்ட கால் சீழ் பிடித்து வீங்கி, காய்ச்சலோடு வந்திருந்தார். டாக்டர் எழுதிய மருந்தைப் போடுமுன் டெஸ்ட் டோஸ் போட வேண்டும். துளி மருந்தை முன்கையின் தோலுக்கடியில் ஏற்றி, அரை மணி நேரம் பொறுத்து, தடிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாதவர்களுக்கு அந்த மருந்து மூச்சையே அடைத்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. ஹெப்சிபா டெஸ்ட் டோஸ் போடாமலே கேஸ் ஷீட்டை எடுத்து, "டெஸ்ட் டோஸ் போட்டாயிற்று, ரியாக்‌ஷன் இல்லை" என்று எழுதினாள். எழுதிவிட்டு மருந்தை ஏற்றினாள். இதற்கு முன்னும் பல நாள் இப்படி எழுதியிருக்கிறாள். ஒன்றும் ஆனதில்லை.

பத்தாவது நிமிடம் முத்திருளனின் உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. மூச்சு விசில் போல இழுத்தது. டூட்டி டாக்டர் ஓடிவந்து மாற்று ஊசிகள் போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, அவரை ஐ.சி.யூவுக்குத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"டெஸ்ட் டோஸ் போட்டீங்கள்ல?"

"போட்டேன் சார்."

டாக்டர் ஷீட்டைப் பார்த்தார். பிறகு முத்திருளனின் மனைவி மலையம்மாள் பக்கம் திரும்பினார். "காலுல என்னம்மா கட்டியிருந்தீங்க?"

"குப்பைமேனி அரைச்சு வச்சேன் சாமி. ஒரு கசாயமும் குடுத்தேன்."

"கண்டதையும் குடுத்து நீங்களே ஆளை முடிச்சிருப்பீங்க."

மலையம்மாள் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். ஷீட்டை நம்பி, டாக்டர் அதே மருந்தைத் தொடரும்படி எழுதினார். அடுத்த வேளை மதியம் இரண்டு மணி.

எட்டு மணிக்குப் பணி முடிந்து ஹெப்சிபா கிளம்பினாள். வீட்டுக்குப் போகவில்லை. விபத்துக்குப் பிறகு கணவர் தேவசகாயம் வேலைக்குப் போவதில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது, பெர்சிஸ் கல்லூரிக்குப் போகிறாள். அவர்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் பாஸ்டர் வீட்டு மாடி ஷெட்டில் உபவாச ஜெபம் இருந்தது. படியில் கிடந்த செருப்புக் குவியலில் தன் செருப்பையும் கழற்றிவிட்டு மேலே ஏறினாள்.

ஒரு மூலையில் முழங்கால் போட்டாள். தகரக் கூரை காய்ந்து வியர்வை கொட்டியது. எழுந்திருக்கவில்லை. ஆண்டவரே, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வேண்டினாள். அந்த ஷீட்டை இனி ஒருவரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. போலீஸ் வரக் கூடாது. லைசென்ஸ் போகக் கூடாது. அழுத அழுகையில் சேலைத் தோள் நனைந்தது. "சிஸ்டர் ஹெப்சி பாரத்தோட வந்திருக்காங்க" என்று பாஸ்டரம்மா சொன்னதும் பெண்கள் அவளைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்கள். "ஒரு பேஷன்ட் சீரியஸா இருக்காரு" என்று மட்டும் சொன்னாள். நோயாளிக்காக இப்படி உருகும் நர்ஸ் எங்கே கிடைப்பாள் என்றாள் ஒருத்தி. ஹெப்சிபா முகத்தை நிமிர்த்தவில்லை.

முடிவில் வாக்குத்தத்தப் பெட்டி சுற்றி வந்தது. கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தால், அதில் இருக்கும் வசனம் தனக்கென்று ஆண்டவர் கொடுத்தது என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அவள் சீட்டில், பயப்பட வேண்டாம், நான் கூட இருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. அதைப் படித்ததும் காலையிலிருந்து இறுகிக் கிடந்த நெஞ்சு இளகியது. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. ஒன்றும் நடக்காது. யாருக்கும் தெரியாது. சீட்டை இரண்டாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். உபவாசம் முடித்து டீயும் பன்னும் கொடுத்தார்கள். பன்னைப் பிட்டபோது போன் அடித்தது.

"நர்சம்மா, நாந்தேன் மலையம்மா. காலைல நம்பரு குடுத்தீகல்ல." அக்கம்பக்கம் கேட்காமல் தாழ்த்திய குரல். "ரெண்டு மணிக்குத் திரும்ப அந்த ஊசியாம். எனக்கு என்னமோ வேணாம்னு தோணுது. கேட்டா, இம்புட்டும் பண்ணிட்டு இப்ப எங்களுக்கே வைத்தியம் சொல்றியான்னு ஏசுறாக. நீங்க போடலாம்னு சொன்னா நான் பேசாம இருந்துக்கிறேன். நீங்க சொன்னாச் சரி."

ஹெப்சிபா பன்னைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக எழுந்து போனாள்.

"தூங்கிட்டு இருந்தீகளோ தாயி? எழுப்பிட்டேனாக்கும். ராத்திரி முச்சூடும் நின்னுக்கிட்டே இருந்தீக."

"அக்கா, போட விடாதீங்க" என்றாள் ஹெப்சிபா. "நான் அவங்ககிட்டப் பேசுறேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. நர்ஸ்களை மேற்பார்க்கும் இன்சார்ஜ் சிஸ்டரை அழைத்தாள். ஐ.சி.யூவில் இருக்கும் முத்திருளனுக்கு வேறு மருந்து மாற்றினால் நல்லது என்றாள்.

"எதுக்கு?" என்றார் இன்சார்ஜ். "ரியாக்‌ஷன் இல்லைன்னு நீதானே எழுதியிருக்க. டாக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"நான் டெஸ்ட் டோஸ் போடல சிஸ்டர்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "இத வேற யாருகிட்டயும் சொல்லாத. போனை வை" என்றார். அழைப்பு நின்றது. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. ஐ.சி.யூ நம்பருக்கு அடித்தாள். அதையும் எடுக்கவில்லை. ஊசியை நிறுத்துவார்களா, விஷயத்தை அமுக்குவதற்காகப் போட்டுவிடுவார்களா என்று தெரியவில்லை. படி இறங்கி ஓடி, எதிரே வந்த ஆட்டோவை மறித்தாள்.

"வெறுங்காலோட வாரீகளேக்கா, செருப்பு எங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். "பரவால்ல அண்ணே. சீக்கிரம் போங்க."

கீழவாசலில் வண்டிகள் நின்றுவிட்டன. ஒன்று முப்பத்தைந்து. கைக்குள் சீட்டு வியர்வையில் ஊறியிருந்தது. காலையிலிருந்து இன்சார்ஜுக்குப் பயந்தாள். டாக்டருக்கும் போலீசுக்கும் பயந்தாள். சபைப் பெண்களுக்கும் வீட்டிலிருக்கும் கணவருக்கும் பயந்தாள். கர்த்தருக்கு மட்டும் அவள் பயப்படவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரிடம் பையை நீட்டுகிற மாதிரி, தன் பொய்யைக் கொஞ்சநேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் நீட்டியிருந்தாள். இரண்டு மணி நேரம் முழங்காலில் இருந்தும், முத்திருளன் பிழைக்க வேண்டும் என்று ஒரு முறைகூட வேண்டவில்லை. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு முடியெல்லாம் சிலிர்த்தது. அந்த வசனம் அவளுக்கு வந்ததுதான். ஒளித்துக்கொள்வதற்காக வரவில்லை.

"அவர் பிழைக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார்.

யானைக்கல் பாலம் தாண்டி, மருத்துவமனைப் படி ஏறும்போது மணி இரண்டாக நான்கு நிமிடம் இருந்தது. ஐ.சி.யூ வாசலில் இன்சார்ஜ் நின்றிருந்தார். அவள் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"ஊசிய மாத்தியாச்சு. ஸ்டாக் இல்லைன்னு சொல்லி வேற எழுதி வாங்கிட்டேன். ஆளு பிழைச்சுக்குவாரு. நீ வீட்டுக்குப் போ. ஷீட்டு அப்படியே இருக்கட்டும்."

"அவங்க சம்சாரம்?"

"அவங்களுக்கு என்ன?"

"பச்சிலையாலதான் ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். நாளைக்கு ஆளு எந்திரிச்சு உக்காந்தா எல்லாம் மறந்துரும். உம் பொண்ணை நெனச்சுப் பாரு ஹெப்சி. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

இன்சார்ஜ் கெட்டவர் இல்லை. அவரும் பயந்திருந்தார்.

ஊசி மாறிவிட்டது. இனி வாயைத் திறக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அப்படியே படியிறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். திரும்பியபோது, ஹாலின் கோடியில் மலையம்மாள் தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலை அரைத்த பச்சை இன்னும் நகக்கண்ணில் இருந்தது. "இந்தக் கையாலயே குடுத்தேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முத்திருளனின் தம்பி விருமாண்டி, அவளோடு பேசப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

காலையிலிருந்து இருந்த பயம் ஹெப்சிபாவை ஒவ்வொரு ஆளிடமிருந்தும் ஒதுங்க வைத்திருந்தது. இப்போது வந்த பயம் அவளை மலையம்மாளின் பக்கமாகத் தள்ளியது. அதற்கு மேல் அதை அவளால் விளக்கியிருக்க முடியாது. இன்சார்ஜின் கையை மெல்ல விலக்கிவிட்டு நடந்தாள். மலையம்மாளின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க பச்சிலையால ஆகல. அந்த ஊசி போடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு. அத நான் செய்யல. செஞ்சேன்னு பொய்யா எழுதி வச்சேன்."

மலையம்மாளுக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப என் கசாயம்?"

"அதுவும் இல்லக்கா. நான்தான்."

மலையம்மாள் அழ ஆரம்பித்தாள். முதலில் அது ஆறுதலாகத்தான் வந்தது. விரித்திருந்த கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு ஹெப்சிபாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒன்னைய நம்பித்தானடி போன் பண்ணேன்."

விருமாண்டி குனிந்து ஹெப்சிபாவின் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எங்கண்ணே செத்திருந்தா என்னடி பண்ணியிருப்ப? வாயத் திறந்திருப்பியா?" கை ஓங்கியிருந்தது. ஹெப்சிபா விலகவில்லை. "தெரியலண்ணே" என்றாள். அது உண்மை.

"விடு கொழுந்தனாரே" என்றாள் மலையம்மாள். "இவ வந்து சொல்லாட்டி, நீரு ஆயுசுக்கும் என்னையத்தான சொல்லிக்கிட்டு இருப்பீரு."

விருமாண்டி கையை இறக்கினார். கூட்டம் கூடிவிட்டது. நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து ஹெப்சிபாவை அறைக்குள் அழைத்துப்போனார்கள். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினாள், ஒரு வரியும் ஒளிக்காமல். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை இருக்கும், நர்சிங் கவுன்சிலுக்குத் தகவல் போகும், இனி வர வேண்டாம் என்றார்கள்.

மூன்று மணி வெயிலில் வெளியே வந்தாள். படியின் கீழே தார் ரோடு கொதித்தது. முதல் அடி வைத்ததுமே காலை இழுத்துக்கொண்டாள். வரும்போது இதன் மேல்தான் ஓடியிருக்கிறாள். அப்போது சூடு தெரியவில்லை.

பின்னால் ஏதோ தேய்கிற சத்தம். வராண்டாவில் மலையம்மாள் நின்றிருந்தாள். தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, காலாலேயே தள்ளிவிட்டாள். அது படியில் வழுக்கி ஹெப்சிபாவின் காலடியில் வந்து நின்றது. ஒன்றின் வார் அறுந்து, ஊக்குப் போட்டுக் கோத்திருந்தது.

"ரோடு சுடும். போட்டுட்டுப் போ."

முகத்தில் மன்னிப்பும் இல்லை, வேறெதுவும் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் தேவசகாயம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெர்சிஸ் அம்மாவின் காலைப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சபைக்கு அதற்குள் செய்தி எட்டிவிட்டது; ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை. அந்தக் காலி வரிசையில் முழங்கால் போட்டு, முத்திருளனின் பெயரைச் சொல்லி வேண்டினாள். விசாரணைக் கடிதம் வந்தது. அதைப் படிக்கும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று தூக்கம் வந்தது.

சொந்தக்காரர்கள் முத்திருளனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஆட்கள் மூலம் தெரிந்தது. காலை எடுக்க வேண்டியிருக்கலாம், இன்னும் சொல்வதற்கில்லை என்றார்கள்.

புதன்கிழமை ஹெப்சிபா தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் அந்த ஜோடியைக் கொடுத்தாள். ஊக்கை எடுத்துவிட்டு இரண்டுக்கும் புது வார் போட்டுக் கொடுத்தார். வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாள்.

மறுநாள் மதியம் பார்வையாளர் நேரத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குள் போனாள். சுவரோரக் கட்டிலில் முத்திருளன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக வந்தது. நான்கு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். மலையம்மாள் இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருக்க வேண்டும், ஜன்னலில் குடம் இருந்த ஈர வட்டம் மட்டும் தெரிந்தது. ஈரத் தரையில் வெறும் பாதத்தின் தடங்கள் வாசல் வரை போயிருந்தன.

பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹெப்சிபா குனிந்து, செருப்பிரண்டையும் கட்டிலுக்கடியில், மலையம்மாள் வந்து நின்றால் காலில் படுகிற இடத்தில் சேர்த்து வைத்தாள். விலகிக் கிடந்த போர்வையை முத்திருளனின் கட்டுப் போட்ட கால்மேல் இழுத்துவிட்டு, மறுபக்கத்துக் கதவு வழியாக வெளியே போனாள்.