தொம்மிதி

ஞானபூரணியைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவள் அப்பா சுந்தர்ராஜ் மறைத்தது ஒன்றே ஒன்றைத்தான். அந்த வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்ததிலிருந்து விருதுநகரில் சிலருக்கு இதெல்லாம் திடீரென்று கண்ணில் படத் தொடங்கியிருந்தது. ‘வடுக வீடா?’ என்று கேட்டே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. இந்த முறை வருகிறவர்கள் கிளம்பும்வரை வாயில் தமிழைத் தவிர எதுவும் வரக்கூடாது என்று மகளைக் கண்டித்து வைத்தார். அதைத் தெலுங்கில்தான் சொன்னார்.

மாப்பிள்ளை இன்பராஜ், உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். கூட வந்தவர் அவர் தாயார் தேவமணி. தாயார், பெண்ணுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி உண்டா என்று விசாரித்தார். பிள்ளை ஒன்பதைப் பற்றிப் பேசினார்.

“ஒன்பதுங்கறது நம்ம ஆதிச் சொல் இல்லீங்க. பத்துக்கு ஒண்ணு கொறைச்சல்னு பின்னால கட்டுனது. மொதல்ல இருந்தது தொண்டு. கன்னடத்துலயும் மலையாளத்துலயும் நம்மள மாதிரியே அதைத் தொலைச்சுட்டாக. தெலுங்குலதான் உசுரோட இருக்கு, தொம்மிதின்னு. வீட்டுல பொழங்குறவுக வாயால அதை ஒரு தடவை கேக்கணும்.”

சிவகாசியில் சாயங்காலம் ஏதாவது வெடிக் கம்பெனி வாசலில் நின்றிருந்தால் வேலை விட்டு வருகிற தெலுங்குக்காரர் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கலாம். படித்தவருக்கு அது தோன்றவில்லை.

சுந்தர்ராஜ் பக்கோடாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பூரணிக்கு மனிதரைப் பிடித்துவிட்டது. வந்தவர்களில் நகையைப் பற்றிப் பேசாத முதல் ஆள் இவர்தான். இது அமைந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

“தலையச் சுத்துது தாயி. நீ நர்சுதான, நாடியக் கொஞ்சம் பாரு” என்று தேவமணி கையை நீட்டினார்.

பூரணி கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். பேச்சு எந்த மொழியில் இருந்தாலும் எண்ணிக்கை மட்டும் அம்மா சொல்லிக்கொடுத்த மொழியில்தான் அவளுக்கு ஓடும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை. நாடி பார்க்கும்போது உதடு தானாக முணுமுணுக்கும். வார்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

“ஏடு, எனிமிதி, தொம்மிதி…”

இன்பராஜ் எழுந்து நின்றுவிட்டார். “இதான், இதேதான். இன்னொரு தடவை சொல்லுங்க.” முகமெல்லாம் பல்.

தேவமணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தலைசுற்றல் நின்றுவிட்டிருந்தது. சுந்தர்ராஜ் தரையைப் பார்த்தார்.

மறு வாரம் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் வரிசையில் இன்பராஜ் வந்து நின்றார்.

“அம்மா ஒத்துக்கிடலீங்க. அவுக பேச்சை நான் தட்டுனதில்ல” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தார். “ஒரே ஒரு சந்தேகம். பத்தொன்பதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்லுவீக? அந்தப் பழைய சொல்லு அதுலயும் இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்.”

இத்தனை நாள் அழுதது இந்த ஆளுக்காகவா என்று பூரணிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பந்தொம்மிதி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா மடியில் உட்காரவைத்து, புளியங்கொட்டையைத் தள்ளித் தள்ளிச் சொல்லிக்கொடுத்த சொல்.

“பத்தொன்பதுன்னுதான் சொல்லுவோம்” என்றாள்.

இன்பராஜ் அதை நம்பி எழுதிக்கொண்டார். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.