ராய்ப்பூர் உத்தரவு

சூடாமணிக்குப் பதவி உயர்வு வந்தது இது நான்காம் முறை. முதல் மூன்றையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். பாங்கில் குமாஸ்தாவாக இருக்கும் பெண்கள் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். ஆபீசர் ஆனால் வெளியூர் மாற்றல் நிச்சயம். வெளியூர் போனால் வீடு என்ன ஆவது? வெள்ளைத்தாளில் நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து, தீர்ந்தது கதை. பரீட்சையில் முதல் பத்துக்குள் வந்து வேலைக்குச் சேர்ந்தவள், இருபத்தேழு வருஷமாகத் தி. நகர் கிளையில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பாஸ்புக் அச்சடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கதவு போட்ட மேனேஜர் அறையில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அதைக் கெடுத்தது யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்: கல்யாணராமன். கட்டின புருஷன். முதல் தடவை உத்தரவு வந்தபோது சாய்சரண் வயிற்றில் இருந்தான். அடுத்த தடவை மாமியார் படுத்த படுக்கை. மூன்றாம் தடவை சாய்சரணுக்குப் பிளஸ் டூ. ஒவ்வொரு தடவையும் கல்யாணராமன் வாயே திறக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதற்கு மேல் கேட்கவா வேண்டும்? அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, மாதக்கணக்கில் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தாள்.

அவருக்கும் ஒரு குறை உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போட்டவர். எழுதுவதும் அவர், கதாநாயகன் வேஷமும் அவர். குழந்தை பிறந்தது, ஆதம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கினார்கள், நாடகம் நின்றது. அதை அவர் வாரம் ஒரு தடவையாவது அவளுக்குச் சொல்லிக்காட்டிவிடுவார்.

இப்போது மாமியார் இல்லை. சாய்சரண் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். ஐம்பத்தோரு வயதில் உத்தரவு வந்திருக்கிறது: ராய்ப்பூர் கிளை, உதவி மேனேஜர். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ அழுத்தியாக வேண்டும். இதை விட்டால் இன்னொன்று கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றாள்.

"ராய்ப்பூர் போட்டிருக்கா. நான் போகத்தான் போறேன். நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டாலும் சரி, சாப்பிடாம எழுந்துண்டாலும் சரி."

கல்யாணராமன் டிவி சத்தத்தைக் குறைத்தார். "பேஷா போயிட்டு வா. யாரு வேண்டாம்னா?"

"இத்தனை நாள் நீங்கதானே..."

"நானா? போகாதேன்னு என்னிக்காவது சொல்லியிருக்கேனா, சொல்லு."

சொன்னதில்லைதான். மூன்று தடவையையும் மனசுக்குள் கிண்டிக் கிளறிப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததாக நினைவே இல்லை.

மறுநாள் காலை அவர் பரண்மேல் ஏறிப் பெரிய சூட்கேஸை இறக்கினார். துடைத்துக்கூட வைத்தார். அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தறியாத கை! 'பரவாயில்லை, மனுஷர்தான்' என்று அவளுக்கு லேசாக மனசு இளகியது. துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனவளுக்கு உள்ளே அவர் போனில் பேசுவது கேட்டது. அந்தப் பக்கம் கபாலி, பழைய நாடகக் கூட்டாளி.

"ஆமாண்டா கபாலி, இந்தத் தடவை நிச்சயம் போறா. முன்னாடி மூணு தடவை வந்துது. போவா, போவான்னு வாயத் திறக்காம காத்துண்டிருந்தேன். நகர்ற வழியக் காணோம்! எரிச்சல்ல எனக்குச் சாப்பாடே இறங்கலை. சனிக்கிழமை எல்லாரையும் இங்கேயே கூட்டிண்டு வா, ஹால்லயே ஒத்திகை வெச்சுக்கலாம். மூச்சு விட்டு இருபத்தாறு வருஷமாச்சுடா."

சூடாமணிக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று இத்தனை வருஷம் வயிறெரிந்தாளே! பிடிக்கவே இல்லை. எப்போது தொலைவாள் என்று காத்திருந்திருக்கிறார்.

பாங்கில் சின்ன வயசு ஆபீசர் கீர்த்தி சாயங்காலம் ஸ்வீட் டப்பாவோடு வந்து நின்றாள். "மேடம், இன்னும் அக்செப்ட் குடுக்கலையா? மணி நாலே முக்கால்!"

சூடாமணி திரையைப் பார்த்தாள். போனால் அவளுக்கு ஒரு அறை கிடைக்கும். அவருக்கோ வீடு, ஹால், கபாலி, மூச்சு எல்லாம் கிடைக்கும். அவளுடைய ஆசையைவிட அவருடைய சந்தோஷம் அவள் கண்ணை உறுத்தியது. மறுக்கிறேன் என்பதை அழுத்தினாள்.

"ஐயோ மேடம், தப்பா அழுத்திட்டீங்க!"

"சரியாத்தாம்மா அழுத்தியிருக்கேன்."

வீட்டுக்கு வந்தபோது ஹால் விசாலமாக இருந்தது. வாட்ச்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு சோபாவைச் சுவர் ஓரமாக ஒதுக்கி, நடுவில் இடம் பண்ணியிருந்தார் கல்யாணராமன். முகம் பளிச்சென்று இருந்தது.

"எப்போ போய்ச் சேரணும்?"

"வேண்டாம்னுட்டேன்."

அவர் முகம் விழுந்ததை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

"ஏண்டி?"

"உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன், சொல்லுங்கோ?"

கல்யாணராமன் சோபாவைப் பழைய இடத்துக்கு இழுக்கத் தொடங்கினார். ஒற்றை ஆளால் நகர்த்த முடியாத கனம். இன்னொரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.